மேற்கு மேடு

சிக்காகோ
மார்ச் 20, 1987

அன்புள்ள ஆர்டித்துக்கு,

மெர்ல் எழுதுவது. நலமா? புதுப்புல் முளைக்க வருடாவருடம் வைக்கும் தீயை நம் மேய்ச்சல் நிலத்துக்கு எப்போது வைக்கிறாய்? என் கண்காட்சிக்கு ஒரு படம் குறைகிறது. பாதி கரிந்து பாதி பொன்னிறமாக நிற்கும் மேற்கு மேடு. ஏப்ரல் 18-க்கு முன் வர முடியாது. பொறுப்பாயா?

மேலே ‘நம்’ என்று எழுதிவிட்டேன். நாலு வருடமாகப் பிரிந்திருக்கும் கணவன் அப்படி எழுதலாமா, தெரியவில்லை. அந்தச் சொல்லை அடிக்க மனமில்லை.

மெர்ல்

கான்சாஸ், பண்ணை
மார்ச் 28

மெர்லுக்கு,

உன் கண்காட்சிக்காகத் தென்காற்று காத்திருக்குமா? காற்று வாகாக அடிக்கும் நாளில்தான் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். அன்றே கொளுத்தியாக வேண்டும். இது உன் மண்டையில் ஏறவே ஏறாது.

நாம் பிரிந்த அந்த வருடம் நெருப்பு சாலையைத் தாண்டியபோது தொண்டை கிழியக் கத்தினேன். நீ லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாய். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, சொல்லிவிட்டேன்.

ஆர்டித்

ஏப்ரல் 9

மெர்லுக்கு,

நேற்று கொளுத்திவிட்டோம். மேற்கு மேட்டை மட்டும் விட்டுவைத்தேன். பக்கத்துப் பண்ணை டுவெய்ன் விடுவானா? “அத யாருக்கு மிச்சம் வெச்சிருக்க ஆர்டித்? மாடு அந்தப் பழம்புல்ல மோந்துகூடப் பாக்காதே!” என்றான். “என் மாடு, என் புல்லு. காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு” என்றேன்.

18-ஆம் தேதி வா. ஒரு நிபந்தனை. பந்தம் டுவெய்ன் பிடிப்பான், தண்ணீர் வண்டியை நான் ஓட்டுவேன், குழாய் உன் கையில். பருத்திச் சட்டை போட்டுக்கொள். உன் நைலான் அங்கி உருகி முதுகில் ஒட்டிய கதையை ஊர் இன்னும் மறக்கவில்லை.

ஆர்டித்

சிக்காகோ
ஏப்ரல் 24

அன்பு ஆர்டித்,

கண்காட்சிக்காரர், “அந்த மேட்டுப் படம் எங்க?” என்றார். “எரிஞ்சிருச்சு” என்றேன். நம்பவில்லை.

அன்று, 18-ஆம் தேதி, தீ பாதி மேட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் போதும், படம் கிடைத்திருக்கும். அப்போதுதானே காற்று திரும்பியது! இந்தமுறை நீ கத்தவில்லை, என்னைப் பார்த்தாய். கேமராவை முக்காலியிலேயே விட்டுவிட்டுக் குழாயோடு ஓடினேன். “யோவ், ஒன் கேமரா வேகுதுய்யா!” என்று டுவெய்ன் அலறினானே, அப்போதும் திரும்பவில்லை. தீயை அணைத்துவிட்டு நாம் மூவரும் கரிமூஞ்சியோடு உட்கார்ந்து சிரித்தோமே, அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனை வருடமாயிற்று!

திரும்பி வந்துவிடட்டுமா?

உன் மெர்ல்

பண்ணை
மே 2

அன்புள்ள மெர்ல்,

மேற்கு மேடு பச்சை கட்டிவிட்டது. மாடுகள் அங்கேயே கிடக்கின்றன, கூப்பிட்டாலும் வருவதில்லை. உன் லென்ஸின் உலோக வளையம் புல்லுக்குள் அகப்பட்டது. சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். டுவெய்ன் தினமும் வந்து அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறான்.

கேட்கிறாய் பார் கேள்வி, வரட்டுமா என்று! மார்ச்சில் நீ அடிக்காமல் விட்ட அந்தச் சொல்லை நானும் அடிக்கவில்லை. நம் நிலத்துக்கு வர யாரைக் கேட்கிறாய்?

உன் ஆர்டித்