ஐயா, அது கல்லில்லை

என் அன்புள்ள ஐயாவுக்கு,

அங்கே நல்ல சுருட்டுக் கிடைக்கிறதா என்றுதான் முதலில் கேட்க நினைத்தேன். ஆனால் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது.

எனக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள். மானிப்பாய்ப் பெண், பெயர் சுகந்தி, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். சாதகம் பொருந்திவிட்டது. சண்டை ஓய்ந்திருக்கும்போதே கலியாண எழுத்தை முடித்துவிட வேண்டும் என்று அம்மா நிற்கிறா. நீங்கள் கண்ணை மூடிய பிறகு இப்போதுதான் அவ வாய்விட்டுச் சிரிக்கிறா.

போன கிழமை சுகந்தியின் தாய்மாமன் என்னைப் பற்றி விசாரிக்க நம் ஒழுங்கைக்கு வந்தார். பக்கத்து வீட்டு இராசமணி மாமி வாசல் படலையிலேயே அவரை மறித்து, "பொடியன் தங்கம். சின்னனிலை சலப்பையிலை கல்லெண்டு ஒப்பரேசன் செய்தது. வேறை ஒரு வருத்தமும் இல்லை" என்றாவாம்.

அந்தக் கல்லு! நினைவிருக்கிறதா ஐயா? எனக்கு அப்போது பதினொரு வயது. சிறுநீர் வரும் துவாரம் எனக்கு நுனியில் இல்லை, அடிப்பக்கத்தில் இருந்தது. பிறவியிலேயே அப்படி. மற்றப் பொடியள் வேலியோரம் நிற்க, நான் ஏதாவது சாட்டுச் சொல்லி வீட்டுக்கு ஓடிவிடுவேன். நீங்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். நுனித்தோலை எடுத்துப் புது வழி தைத்தார் டொக்டர். அதற்கு இரண்டு ஒப்பரேசன். சிறுநீர் போக வைத்த குழாயை இழுத்துவிடுவேன் என்று பத்து நாளும் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தீர்கள். தோட்டத்தில் புகையிலை வாடியது.

"இனி நீர் எல்லாரையும் போலை நிண்டு போகலாம் தம்பி. ஒரு குறையும் இல்லை" என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் நீங்கள் சொன்னது வேறு. "ஆரும் கேட்டால் கல்லெண்டு சொல்லு, என்ன?"

"ஏன் ஐயா?"

"சொல்லெண்டாச் சொல்லன்."

சொன்னேன். ஒழுங்கையின் எல்லா வீட்டிலிருந்தும் பார்லித் தண்ணியும் வாழைத்தண்டுச் சாறுமாக வந்து இறங்கியது. புண் ஆறாத நேரம், ஒவ்வொரு கோப்பைக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. "நல்லாத் தண்ணி குடுத்திருக்கிறியள்" என்று, திரும்பக் காட்டப் போனபோது டொக்டர் உங்களைப் பாராட்டினார். நீங்களும் கூச்சமில்லாமல் தலையாட்டினீர்கள்!

இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் பன்னிரண்டு வருசமாக ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருந்தது. என்னை நினைத்து வெட்கப்பட்டீர்களா?

தாய்மாமன் வந்துபோன மறுநாள் மாமியிடம் போனேன். "மாமி, அது கல்லில்லை. பொம்பிளை வீட்டுக்குப் பொய் சொல்லக்கூடாது" என்றேன்.

மாமி அரிசி களைந்துகொண்டிருந்தா. நிமிரவேயில்லை. "எனக்குத் தெரியாதெண்டே நினைச்சாய்? கொப்பர் வீடு வீடா வந்து, இன்ன மாதிரி ஒப்பரேசன், உங்கடை பிள்ளையள் அவனைப் பகிடி பண்ணாமல் பாருங்கோ, கல்லெண்டே கதையுங்கோ எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவர். எங்கடை வாசல்லை நிண்டு அழுதவர்."

"பிறகேன் மாமி பார்லித் தண்ணி?"

"நிறையக் குடிக்க வேணுமாம், நீ குடிக்கிறாயில்லையாம். அதுவும் கொப்பர் சொன்னதுதான்."

நாலு வார்த்தைக்கு மேல் கதைக்காத மனுசன் நீங்கள். அத்தனை படலையையும் திறந்து அதைச் சொன்னீர்களா? ஒழுங்கைக்கே சொன்னவர், எனக்கு மட்டும் ஏன் ஐயா சொல்லவில்லை? "உன்னிலை ஒரு வெட்கமுமில்லை மோனை" என்று அந்த பஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கோபம் வருகிறது. கோபித்துக்கொள்ளத்தான் நீங்கள் இல்லை.

சுகந்தி இதை ஊர் சொல்லி அறிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் சைக்கிளில் மானிப்பாய்க்குப் போகிறேன். எழுத்துக்கு முன்னம் நானே அவளுக்குச் சொல்வேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருசமும், மாமியிடம் தவிர, உங்கள் சொல்லை நான் மீறியதில்லை. அன்றைக்கு மீறுவேன். அவள் என்ன சொன்னாலும், நீங்கள் வீடு வீடாகப் போன கதையையும் சொல்லாமல் திரும்ப மாட்டேன்.

பத்து நாள் நீங்கள் கையை விடாமல் வைத்திருந்த
உங்கடை மகன்