வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் சித்தி

இவ்வளவு அகாலத்தில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பகலில் இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மூலை கிடையாது. என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். குழந்தை இப்போதுதான் கண் அயர்ந்தாள். அறை முழுக்கத் தவிட்டு வாசனை. மண்ணூர் மில்லிலிருந்து சாயங்காலம் கொண்டுவந்து முறத்தில் கொட்டி வைத்திருக்கிறார்கள். மாட்டுக்கு இல்லை. என் மகளுக்கு விலை.

முதல் குழந்தை எனக்குத் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். நீ போன பிறகு பிறந்தவள் இவள். போன மாதம் இவளுக்கும் ஜுரம் ஏறி இழுப்பு வந்துவிட்டது. அதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: பெற்றவள் கையில் பிள்ளை நிற்கவில்லை, கை மாற்று. வெள்ளிக்கிழமை காலையில் இவளை வாசற்படியில் கிடத்திவிட்டு நான் விலகி நிற்க வேண்டும். என் ஓரகத்தி அந்தத் தவிட்டை என் மடியில் கொட்டிவிட்டு இவளைத் தூக்கிக்கொள்வாள். அப்புறம் பிள்ளை அவளுடையது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, பால் கொடுப்பது நான்தான். ஆனால் அவள் அம்மா, நான் சித்தி. அப்படித்தான் இவளுக்குப் பேசப் பழக்க வேண்டும்.

"பேருக்குத்தானே?" என்கிறார் இவர். "கம்பெனில என்னை நம்பர் சொல்லித்தான் கூப்புடுறான். நான் இன்னா வேற ஆளா ஆயிட்டனா?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஓரகத்தியை வெறுக்க முடிந்தால்கூட ஒரு வழி பிறந்திருக்கும். "இன்னா தங்கச்சி, காலேஜ்ல புள்ள வளக்க சொல்லிக் குடுத்தாங்களாமே, இழுப்பு வந்தா இன்னா பண்றதுன்னு சொல்லிக் குடுக்கலியா?" என்று குத்துகிறாள்தான். ஆனால் இழுப்பு வந்த அன்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு உறைந்து நின்றபோது, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு மேல் பஸ் ரோடு வரைக்கும் ஓடியவள் அவள்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. இப்போதே பழைய புடவையைக் கிழித்துப் புதுத் தூளி தைத்து வைத்திருக்கிறாள்.

காலேஜில் வகுப்பிலிருந்து நம்மை ஒரு பால்வாடிக்கு அனுப்பினார்களே, குழந்தைகளைக் கவனித்து எழுதச் சொல்லி. அம்மா விட்டுப்போன ஒரு குட்டிப்பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நான் மிட்டாய் காட்டினேன், பொம்மையை ஆட்டினேன். அழுகை ஏறியதுதான் மிச்சம். நீ அவளைத் தொடவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நீயும் ஜன்னலைப் பார்த்தாய். கொஞ்ச நேரத்தில் அவள் கை உன் முழங்காலுக்கு வந்தது. "பொம்மை எதுக்குடி அவளுக்கு? அம்மா போன வழியைக் கூடச் சேர்ந்து பார்க்க ஓர் ஆள் வேணும், அவ்வளவுதான்" என்றாய்.

இவள் இப்போது தவழ்கிறாள். வாசல் வரை போய்த் திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் இருந்தால் இன்னும் கொஞ்சம் போவாள். பாடத்தில் படித்தது அப்படியே என் வீட்டுத் தரையில் நடக்கிறது. "ம்மா" என்று ஒரு சத்தம் வந்திருக்கிறது. காக்கையும் ம்மா, கரண்டியும் ம்மா. அந்தச் சத்தம் இன்னும் யார் மேலும் போய் உட்காரவில்லை. உட்காரப் போகிற நேரம் பார்த்து இந்த வெள்ளிக்கிழமை வருகிறது.

பால்வாடியிலிருந்து திரும்பிய அன்று குன்றத்தூரில் உன் வீட்டுக்கு வந்தேன். "சித்தி, இவளுக்கு இன்னொரு தோசை" என்று குரல் கொடுத்தாய். தோசை வைத்துவிட்டுச் சித்தி உள்ளே போனதும், "உங்க சித்தி மூக்கும் உன் மூக்கும் ஒரே அச்சுடி" என்றேன்.

"இருக்காதா பின்னே? பெத்தவ. பெரியம்மாகிட்ட தவிட்டுக்கு வித்துட்டா. நல்ல வியாபாரம்!"

உனக்குப் புரையேறும் அளவுக்குச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், "குழந்தை சொல்லை வெச்சு ஆளைத் தேடாதுடி. ஆளை வெச்சுத்தான் சொல்லைத் தேடும். நான் அவளைத் தேடினேன், சித்தின்னு ஒரு சொல் கெடைச்சுது. எதுவா இருந்தா என்ன?" என்றாய்.

அடுப்படியில் இப்போதெல்லாம் இதைத்தான் முணுமுணுக்கிறேன். சரி சொல்லிவிடலாம் என்று தைரியம்கூட வரும். உடனே ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிடும்.

மஞ்சள் காமாலை முற்றி நீ கிடந்த அந்தக் கடைசி நாட்கள். உன்னை வாங்கிய பெரியம்மா அப்போது உயிரோடு இல்லை. சித்தி உன் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறக்காமலே நீ "அம்மா" என்றாய். சித்தி திரும்பி வாசலைப் பார்த்தார், யார் வந்தது என்று. அங்கே யாரும் இல்லை. அப்புறம் மெதுவாக உன் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்தது, பதில் வரவில்லை. கஞ்சி டம்ளரோடு நான் நின்றுகொண்டிருந்தேன். "உங்களைத்தான் கூப்பிடுகிறாள்" என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே?

அந்த அறையிலிருந்து என்னோடு வந்தது பதில் கிடைக்காத அந்த "அம்மா"தான். இவள் எந்தச் சத்தம் போட்டாலும், காக்கையைப் பார்த்துப் போட்டாலும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு "இதோ இருக்கேன்" என்கிறேன். ஓரகத்தி முறைக்கிறாள். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அப்படிச் சொல்ல எனக்குப் பாத்தியதை இல்லை.

மாட்டேன் என்று சொல்லி, நாளைக்கு மறுபடி இழுப்பு வந்தால் நான் எந்த முகத்தோடு ஓரகத்தி பின்னால் ஓடுவேன்? சரி என்று சொல்லி, இவள் பிழைத்து வளர்ந்து, ஒரு நாள் கட்டிலில் கிடந்து அம்மா என்று கூப்பிட்டால், நான் வாசலைத் திரும்பிப் பார்ப்பேனா?

அன்று நீ கூப்பிட்டது யாரை? அதை மட்டும் சொல். சித்தியிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடு.