நான் கொடுத்த விடுப்புக் கடிதம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஆபீஸ் வாசலில் ‘பார்வையாளர்’ ஸ்டிக்கர். யாரைப் பார்க்க வந்தேன் என்று நோட்டில் எழுத வேண்டுமாம். நான் உட்காரும் ஜன்னலோர நாற்காலியை என்று எழுதவா? மூன்று மாதமாக இவர்களுடைய தண்ணீர்ப் பம்புக்குக் கையேடு எழுதுகிறேன், படமும் வரைகிறேன். பேருக்கு ஃப்ரீலான்சர். ஒன்பதேகாலுக்கு நுழைந்தால் மட்டும் மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

மார்ச் 5

அப்பாவுக்கு அடுத்த வியாழக்கிழமை கண் ஆபரேஷன். கூட ஆள் இல்லாமல் செய்யமாட்டார்களாம். என்னை விட்டால் யார்? பன்னிரண்டாம் தேதி விடுப்பு கேட்டு மேனேஜரிடம் கடிதம் கொடுத்தேன்.

மார்ச் 6

மறுத்துவிட்டார். “அன்னைக்கு ஆலோசகர் வர்றாருங்க, நீங்க இல்லாம எப்படி?”

ஆலோசகர்! போன தடவை என்னிடம் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, நான் சொன்னதையே மீட்டிங்கில் சொன்னார். அத்தனை தலையும் ஆடியது. நான் சொன்னப்போ இந்தத் தலையெல்லாம் எங்க போச்சு?

அப்பாவப் பாத்துக்கணும்னுதானே நிரந்தர வேலைய விட்டேன்? இதுக்கா?

மார்ச் 7

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

பக்கத்து மேஜைக்காரரிடம் புலம்பினேன். ஏஜென்சி வழியாக ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தவர். விழுந்து விழுந்து சிரித்தார்.

“லெட்டர் வேற குடுத்தீங்களா? எட்டு மணி நேரம் இங்க உக்காரணும்னு எனக்குத்தாங்க ஒப்பந்தம். ஆலோசகர் யோசனை சொல்லிட்டுக் கிளம்பிடுவார். உங்ககிட்ட அவங்க கேட்டது கையேடு மட்டும்தானே? போய் அனுமதி கேட்டா, முடியாதுன்னுதான் சொல்லுவாங்க.”

வீட்டுக்கு வந்ததும் என் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். ஒன்றரைப் பக்கம். மார்ச் இருபதுக்குள் கையேடு. நேரமும் இல்லை, நாற்காலியும் இல்லை. ‘ஆபீஸ் வந்தா வசதியா இருக்கும்’ என்று மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னார், மறுநாளே டிபன் டப்பாவோடு போய் உட்கார்ந்தவள் நான். பத்து வருஷ மாதச் சம்பளப் பழக்கம். யார் மேல் கோபப்படுவது? என் மேல்தான் வருகிறது.

மார்ச் 10

மேனேஜருக்கு எழுதினேன்: ‘கையேடு இருபதாம் தேதி வந்துவிடும். இனி வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன்.’

மார்ச் 11

பதில் இல்லை. இந்த வேலையும் போச்சா?

மார்ச் 12, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பதினோரு மணிக்கு மேனேஜர் போன் செய்தார். “ஆலோசகருக்கு ஒரு படத்துல சந்தேகம். உங்களுக்கு எப்ப வசதிப்படும்?” நாளை மதியம் என்றேன். “சரிங்க” என்றார். அவ்வளவுதான். இதற்கா ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன்?

கண்ணில் கட்டோடு அப்பா துழாவி என் கையைப் பிடித்தார். “லீவு குடுத்தாங்களாம்மா?”

“எனக்கு லீவு குடுக்க அங்க யாருமில்லப்பா.”