ஒரே பெயரில் இரண்டு செக்சம்

ஜூலை 14, திங்கள்

எனக்கு அநியாயம் செய்திருக்கிறார்கள். தேதி போட்டு எழுதி வைக்கிறேன். ஐன் ஸர்க்கா நீர் நிலையத்தில் குளோரின் ஊற்றும் கருவி சனிக்கிழமை நின்றுபோனது. புது நிரலை ஏற்றிய அதே நாள். காரணம் "வஸீலாவின் பழைய செக்சம்" என்று அறிக்கை எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டான் மொயிஸ். எங்கள் பிரிவின் தலைவன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செக்சம் என்ற அந்தச் சரிபார்ப்பு நிரலை நான்தான் எழுதினேன். பத்தொன்பது வருடம் முன்பு, இங்கே தட்டச்சராக இருந்தபோது, ஆங்கிலப் புத்தகம் ஒன்றை அகராதியோடு படித்து எழுதினேன். கருவியின் நினைவகத்தில் இருக்கும் அளவுகள் கெட்டுவிட்டனவா என்று கூட்டிப் பார்த்துச் சொல்லும். கெட்டிருந்தால் கருவி ஊற்றாது. தெரியாத அளவில் குளோரினைக் கொட்டுவதைவிட நிற்பது மேல் என்று அப்படி வைத்தேன். இத்தனை வருடத்தில் ஒரு பொய் சொன்னதில்லை.

நிலையத்து ஆபரேட்டர் கமாயிஸ் சனியன்றே என்னைத்தான் கூப்பிட்டார். எல்லோரையும் போல அவரும் என்னை மரியாதைக்கு 'லல்லா' என்பார். "லல்லா, சொட்டு மருந்து விட்டுப் பாத்தேன். குளோரின் இருந்தா தண்ணி ரோஸ் ஆகணும். கண்ணாடி மாதிரி நிக்குது. மக்ரிபு பாங்கு சொன்னதும் நோன்பு தொறக்க ஊர் பூரா ஒரே நேரத்துல இதத்தான் குடிக்கப் போவுது. வாளியும் கரண்டியுமா நானே ஊத்திக்கிட்டு நிக்கிறேன். சமையக்காரனா ஆக்கிட்டீங்க என்னை."

அளவுகளைக் கருவியில் புதிதாக அடிக்கச் சொன்னார்கள், கருவி ஓடத் தொடங்கிவிட்டது. அத்தோடு சரியாம். அடுத்த திங்கள் இன்னும் ஒன்பது நிலையங்களில் இதே நிரலை ஏற்றப்போகிறார்கள். அதில் ஆறில் ஆளே கிடையாது. சொட்டு மருந்து விட யாரும் இல்லை. அங்கே நின்றுபோனால் எவ்வளவு நாள் கழித்துத் தெரியும்? யாருக்கு வயிற்றுப்போக்கு வந்து தெரியும்?

ஜூலை 15, செவ்வாய்

மொயிஸின் அறைக்குப் போனேன்.

"லல்லா, இங்க சோதனை பெஞ்ச்ல பத்துத் தடவ ஓட்டினோம். ஒண்ணும் ஆகல. அங்க போனா உங்க செக்சம் 'கெட்டுப்போச்சு'ங்குது. நான் என்ன எழுதறது?"

"காய்ச்சல் காட்டுற தெர்மாமீட்டர உடைச்சுப் போடுவியா நீ?"

"நோன்பு லல்லா. ரெண்டு பேருக்கும் காப்பி இல்ல. பெருநாள் கழிச்சு பேசுவோம்."

"திங்கக்கிழமை பெருநாளுக்கு முன்னால வருது."

சிரித்தான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். மரியாதையாகத்தான் வெளியே அனுப்பினான்.

ஜூலை 16, புதன்

நிரலைக் கட்டும் கட்டளைப் பட்டியலை மொயிஸிடம் கேட்டேன். "அது இப்ப உங்க பொறுப்புல இல்லையே லல்லா."

ஜூலை 17, வியாழன்

என் பொறுப்பில் இல்லையாம். சர்வரின் சாவி பத்தொன்பது வருடமாக என்னிடம் இருப்பதை மறந்துவிட்டான்.

பட்டியலை எடுத்து நானே கட்டிப் பார்த்தேன். எந்தப் பெயர் எந்த லைப்ரரியிலிருந்து, அதாவது எந்த நிரல் தொகுப்பிலிருந்து, வந்தது என்று துண்டுகளை ஒன்றாக்கும் இணைப்பான் எழுதித் தரும் வரைபடத்தை அச்சிட்டேன். நாற்பத்தோரு பக்கம். முப்பதாவது பக்கத்தில் செக்சம் இருந்தது. எதிரே என் லைப்ரரியின் பெயர் இல்லை. ரேடியோக்காரர்களின் பெயர் இருக்கிறது!

இப்போது எல்லாம் விளங்குகிறது. தொலைவிலிருந்து கருவியைப் பார்ப்பதற்கு ரேடியோ வாங்கினார்கள். அதோடு வந்த லைப்ரரியிலும் செக்சம் என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் கூட்டும் முறை வேறு. எல்லாத் துண்டுகளையும் ஒரே நிரலாக இணைக்கும்போது ஒரே பெயரில் இரண்டு பேர் வந்து நின்றால் இணைப்பான் கத்தும், வேலையை நிறுத்தும். அது அதன் நல்ல குணம். பட்டியலின் கடைசியில் சுவிட்ச் மாதிரி ஒரு சின்னச் சொடுக்குப் போட்டிருக்கிறார்கள் — இரட்டைப் பெயர் வந்தாலும் போகட்டும் என்று. அதைப் போட்டால் கத்தாது. வரிசையில் முதலில் நிற்பவனை எடுத்துக்கொண்டு மற்றவனை விட்டுவிடும்.

வாயப் பொத்திட்டாங்க. கத்துற வாயப் பொத்திட்டு, என் மேல பழி போட்டுட்டாங்க! என் கணக்கில் எழுதிய அளவை வேறொருவன் கணக்கில் சரிபார்த்தால் கெட்டுப்போனதாகத்தானே தெரியும்? பெஞ்சில் ஏன் தெரியவில்லை — காலியான நினைவகத்தில் தொடங்குகிறார்கள், எழுதுபவனும் சரிபார்ப்பவனும் அங்கே ஒருவனே.

ஜூலை 18, வெள்ளி

பகல் பன்னிரண்டுக்கு மொயிஸைப் பெஞ்சுக்கு இழுத்து வந்தேன். பழைய நிரலை ஏற்றி அளவுகளை அடித்தேன். பம்பு நாலு விநாடிக்கு ஒரு தரம் டக் என்றது. "இப்ப உன் நிரல நீயே ஏத்து. என் கை படவேண்டாம்."

ஏற்றினான். கருவி அணைந்து எழுந்தது. நாலு விநாடி. எட்டு. பன்னிரண்டு. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு நிமிடம் ஆயிற்று. பம்பு வாயே திறக்கவில்லை.

"ஒம்பது ஊரு மொயிஸ்," என்றேன்.

ஆனால் அவனும் விடவில்லை. தொலைபேசியில் எதையோ தேடி என் முன்னால் நீட்டினான். "பிப்ரவரில கேட்டேன் லல்லா. நீங்க எழுதின பதிலு இது. படிங்க."

படித்தேன். பெயர் மோதுகிறது, ரேடியோக்காரர்கள் மூலநிரல் தரமாட்டேன் என்கிறார்கள், உங்கள் பெயர்களுக்கு ஒரு முன்னொட்டு சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறான். கீழே என் பதில்: "என் பெயர்கள் இங்கே பத்தொன்பது வருடமாக இருக்கின்றன. பின்னால் வந்தவன் மாற்றிக்கொள்ளட்டும்."

ஒரே வரி. மூடிக் கிடக்கும் லைப்ரரியை அவன் எப்படி மாற்றுவான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதானே எழுதினேன்?

"அதுக்காக அந்தச் சொடுக்கப் போடுவியா?"

"வேற எந்தக் கதவத் திறந்து வச்சீங்க நீங்க?"

ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

ஜூலை 19, சனி

அவன் செய்தது தவறு. அதில் ஒரு சொல்கூடக் குறைக்கமாட்டேன். ஆனால் அந்த ஒரு வரி?

ஜூலை 20, ஞாயிறு

மொயிஸ் வீட்டிலிருந்து கூப்பிட்டான். நீண்ட பேச்சு இல்லை. முடிவானவை:

ஒன்பது நிலையங்களின் வேலையை நிறுத்துவது — மொயிஸ். நிறுத்திவிட்டான், உத்தரவைப் பார்த்தேன்.

அந்தச் சொடுக்கை நீக்கி இணைப்பானைக் கத்த விடுவது — மொயிஸ். என் முன்னால்.

இனிப் பெஞ்சில் பழைய அளவுகள் உள்ள கருவியில் சோதிப்பது — அவன் ஆட்கள்.

திருத்திய நிரல் போனதும் ஐன் ஸர்க்காவில், இப்போது ரேடியோக்காரர்கள் கணக்கில் இருக்கும் அளவுகளை மறுபடி அடிப்பது — கமாயிஸ். திட்டுவார். வாங்கிக்கொள்வது — நான்.

அறிக்கையைத் திருத்தி எழுதுவது — மொயிஸ். பிப்ரவரியில் நான் எழுதிய பதிலை அதன் பின்னால் இணைப்பது — நான். அவன் வேண்டாம் என்றான். இணைப்பேன்.

என் லைப்ரரியின் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களுக்கும் முன்னொட்டு சேர்ப்பது — நான். வியாழனுக்குள். இன்று நாற்பது முடிந்தது. செக்சத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.