ஈரத் துண்டும் வேகப் பந்தும்

நேற்று மத்தியானம் ஆபீஸில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, போன் தானாகவே ஒரு பழைய வீடியோவை எடுத்துக் காட்டியது. என் மகள் கீர்த்தனா மண்மேட்டின்மேல் நின்று பந்தெறியக் காலைத் தூக்குகிறாள். ஸ்லோ மோஷன். தூக்கிய கால் தரைக்கு வருவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். பின்னாலிருந்து ஒரு குரல், "இடுப்ப்பு... இடுப்ப்பு மொதல்லடீ..." என்று எருமை கத்துவதுபோல் இழுக்கிறது. உன் குரல்தான். பக்கத்து சீட்டுக்காரர், "என்னங்க, பேய்ப்படமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எப்போதும் போனைப் பிடித்தது நீதான் என்பதால் ஒரு வீடியோவிலும் உன் முகம் இல்லை. தொப்பி வைத்த உன் நிழல் மட்டும் மண்ணில் ஓரமாகக் கிடக்கிறது. சாதாரண வேகத்துக்கு மாற்றினால் குரல் சரியாகக் கேட்குமாம். நான் மாற்றவில்லை. இந்த எருமைக் குரலைக் கேட்டு உன்னிடம் பந்தெறியப் பழக வரும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும், நீயும் சேர்ந்து சிரிப்பாய். அப்படியே இருக்கட்டும்.

பள்ளியில் நீ என் பக்கத்து பெஞ்சு. எங்கள் வீடு காலனியில், உங்கள் வீடு ராஜகீழ்ப்பாக்கம் ஊருக்குள். உன் அப்பா வயலை மனைகளாக்கி விற்றுவிட்டு மெயின் ரோட்டில் சிமென்ட் கடை போட்டிருந்தார். நீ தெருப் பையன்களோடு கிரிக்கெட் ஆடப் போவாய். பந்து போட நீ ஓடி வந்தாலே "மாங்கா! மாங்கா!" என்று கத்துவார்கள். மாங்காய்க்குக் கல்லெறிவதுபோல் கையை மடக்கி எறிகிறாயாம். கிரிக்கெட்டில் அது குற்றம். பேட்டிங் மட்டும் தருகிறோம் என்றார்கள். நீ பேட்டைத் தரையில் போட்டுவிட்டு வந்துவிட்டாய். பேஸ்பால் என்று ஒன்று இருப்பதைக் காலேஜில் கண்டுபிடித்த அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு கேட்டில் நின்று கூவினாய்.

"ஏய், ஒரு ஆட்டம் கீதுடீ! அதுல மாங்கா அடிச்சாத்தான் ஒத்துக்குவாங்களாம்!"

உன் பந்தைப் பிடிக்க ஆள் வேண்டுமே, என்னையும் இழுத்துப் போனாய். நீ எறிகிற பிட்சர், நான் குத்தவைத்து உட்கார்ந்து பிடிக்கிற கேட்சர். ஆட்டத்தின் சட்டங்களில் பாதி எனக்கு இன்றுவரை புரியாது. பந்து வரும் இடத்தில் கிளவ்வை வைக்கத் தெரியும், அவ்வளவுதான். அதற்கே நீ எனக்கு எத்தனை நன்னாரி சர்பத் வாங்கித் தந்திருக்கிறாய்!

பிறகு எனக்குக் கல்யாணம், இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை. நீ அப்பாவின் கடையை எடுத்துக்கொண்டாய். உங்கள் குடும்பம் விற்காமல் வைத்திருந்த கடைசி மனையில் செம்மண்ணையும் கடையிலிருந்து எம்-சாண்ட் மணலையும் கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்து, ஒரு மேடு கட்டினாய். பிட்சர் நின்று எறிகிற மேடு. ஞாயிறு காலையில் அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். சம்பளம் வாங்கமாட்டாய். கேட்டால், "சிமென்ட்டுல வர்றது போதும்டி" என்பாய்.

வேகம் கையில் இல்லை, பின்காலில் தொடங்கி, இடுப்பு திரும்பி, அதற்கப்புறமே தோள் திரும்பி, கடைசியாகத்தான் கைக்கு வரும் என்று வாரா வாரம் சொல்வாய். கிரிக்கெட் ஆடிவிட்டு வருகிற பிள்ளைகள் இடுப்பையும் தோளையும் கதவைத் திறப்பதுபோல் ஒன்றாகத் திறந்துவிடுவார்கள். மிச்சத்தைக் கை மட்டும் இழுக்க வேண்டியிருக்கும். "துவைக்கிற கல்லுல துணிய அடிக்கிற மாதிரிம்மா" என்று நீ ஒருநாள் விளக்கப் போக, ஒரு குட்டி, "எங்க வீட்ல வாஷிங் மெஷின் ஆன்ட்டி" என்றது. மற்றதுகளும் தலையாட்டின. அடுத்த வாரம் நீ ஒரு வாளி தண்ணீரும் துண்டுகளும் கொண்டு வந்தாய். எதிரே ஒரு ஸ்டூல். மேட்டிலிருந்து காலை எட்டி வைத்து எறிகிற மாதிரி வீசினால், ஈரத் துண்டின் நுனி ஸ்டூலில் சொத்தென்று விழ வேண்டும். காலைக் கிட்டே வைத்தால் எட்டாது. தோள் முந்தினால் துண்டு கோணிக்கொண்டு போகும்.

ஒரு பிள்ளையின் அப்பா கோபமாக வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? "பேஸ்பால் கத்துக்க அனுப்புனா துணி துவைக்க வைக்கிறீங்களா மேடம்?" நீ கொஞ்சமும் அசரவில்லை. "உங்க வூட்டுத் துணியும் இருந்தா கொண்டாங்க சார், சேத்து அடிச்சுத் தர்றோம்." மனுஷன் சிரித்துவிட்டார். அப்புறம் அவரே துண்டை வீசிப் பார்த்துவிட்டு, இடுப்பு பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வந்தவர்களில் கீர்த்தனாதான் வேகம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வலது கைக்காரியான அவள் தண்ணீர் பாட்டில் மூடியை இடது கையால் திறப்பதை நீதான் பார்த்தாய். கூப்பிட்டு, முழங்கையின் உள்பக்கம் ஒரு விரலால் அழுத்தினாய். அவள் துள்ளினாள். நீ உன் வலது கையை அவள் முன்னால் நீட்டினாய். அது முழுசாக நிமிராது என்று எனக்குத் தெரியும். கடையில் சில்லறை கொடுக்கக்கூட உடம்பையே முன்னால் சாய்ப்பாய். "பாத்தியா? இதுக்கு மேல நீளாது. நானும் கையால மட்டும்தான் எறிஞ்சேன். சொல்லித்தர ஆளில்ல. இப்போ நான் நெரந்தர மாங்கா." நீ சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் எறிகிற விதத்தையே பிரித்து மறுபடி கட்டத் தொடங்கினாய். முதலில் சில வாரம் பந்தே கிடையாது, துண்டுதான். பிறகு எண்ணி எண்ணிப் பந்து. வலி போனது. வேகமும் போனது. மாநில ஜூனியர் அணிக்கான தேர்வு டிசம்பரில் இருந்தது. அவள் அழுதாள். "ஆன்ட்டி, என் ஸ்பீடு எங்க?" "வரும்டி. மழை முடியட்டும், தானா வரும்" என்றாய், பீரோவில் வைத்ததை எடுத்துத் தருவதுபோல் அவ்வளவு நிச்சயமாக. ஆனால் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது என்னிடம் வேறு மாதிரி சொன்னாய். "எனக்கும் பயமாத்தான்டி கீது. வர்லன்னா இன்னா பண்றது? கொழந்தைக்கு வாக்கு குடுத்துட்டேன்."

நவம்பர் மழையில் மனை குளமானது. காய்ச்சல் என்று படுத்தாய். டெங்கு என்றார்கள். அந்த வாரமே போய்விட்டாய். எதையும் ஸ்லோ மோஷனில் பார்க்கச் சொல்கிறவள், உன் விஷயத்தில் மட்டும் இவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டாம். எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான்.

கீர்த்தனா அழவில்லை. தேர்வுக்குப் போனோம், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு காலேஜ் மைதானம். சொன்ன இடத்தில் பந்து விழுந்தது, ஆனால் மெதுவாக. கையால் மட்டும் வீசுகிற இன்னொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். தாம்பரம் வரும் மின்சார ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆன்ட்டி என் ஸ்பீட எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. பொய் சொல்லி ஏமாத்திட்டாங்க."

பளாரென்று ஒன்று விடலாம் போல இருந்தது. விடவில்லை. ஆன்ட்டி பொய் சொல்லமாட்டாள் என்று சொல்லவும் முடியவில்லை. ஷட்டர் பக்கத்தில் நீ சொன்னது எனக்குத் தெரியுமே. எனக்கு அந்த வித்தையில் ஒன்றும் தெரியாது. உன் வார்த்தை பலிக்குமா என்று சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்? என் மகள் உன்னைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டே வளர்ந்துவிடுவாளோ என்பதுதான் இந்த இரண்டு மாதமாக என்னைத் தூங்கவிடாத கவலை.

போன ஞாயிறு மனை காய்ந்துவிட்டது என்று உன் தம்பி போன் செய்தான். மற்ற பிள்ளைகள் யாரும் இப்போது வருவதில்லை. நாங்கள் இருவர் மட்டும் போனோம். மேடு பாதி கரைந்திருந்தது, மண்ணை வாரிப் போட்டு மிதித்துச் சரிசெய்தோம்.

"இன்னைக்கு என் பழைய ஸ்டைல்லதான் போடுவேன். நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

"கை வலிச்சா அடுத்த பந்துக்கு நான் உட்கார மாட்டேன்."

"சரி, சரி. உட்காரு."

நல்ல கோபத்தில் இருந்தாள். காலைத் தூக்கினாள். பழைய மாதிரி எறியத்தான் போனாள். ஆனால் அந்த உடம்புக்குப் பழையது மறந்துவிட்டிருந்தது. கால் எட்டிப் போய் விழுந்தது, இடுப்பு தானாக முந்தியது, தோள் பொறுத்திருந்து பின்னால் வந்தது. இத்தனை மாதம் யோசித்து யோசித்து, பயந்து பயந்து எறிந்தவள், கோபத்தில் அன்றைக்குத்தான் முழு பலத்தையும் போட்டாள். பந்து வந்ததை நான் பார்க்கவில்லை. கிளவ்வுக்குள் வெடித்த சத்தம்தான் கேட்டது. எதிர்வீட்டு மொட்டை மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"கை வலிக்குதாடி?"

முழங்கையை மடக்கினாள், நீட்டினாள். "இல்லம்மா. உனக்கு?"

"எனக்கு உயிர் போகுது."

சிரித்தாள். இன்னும் சில பந்துகள் போட்டாள். எல்லாம் அப்படியேதான் வந்தன. பிறகு என்ன தோன்றியதோ, மேட்டின்மேலேயே உட்கார்ந்துகொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அழாத பெண். கிளவ்வைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஆன்ட்டிகிட்ட சொல்லணும்மா. நான் அவங்கள அப்படித் திட்டிட்டேனே. யாரும்மா சொல்றது?"

"நான் சொல்லிடறேன்" என்றேன்.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன். என் இடது உள்ளங்கை வீங்கியிருக்கிறது, ஆட்காட்டி விரலுக்குக் கீழே, உன் பந்தைப் பிடித்த நாட்களில் வீங்குமே, அதே இடத்தில். டாக்டரிடம் காட்டு என்று வீட்டுக்காரர் நச்சரிக்கிறார். எதனால் வீங்கியது என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு என்று வைத்திருந்தேன்.

வந்துடுச்சுடி.