லைட்ஹவுஸுக்கு இரண்டு ஸ்டாப்பு முன்னால்

பிப். 5, வியாழன்

சிதம்பரத்தில் ஏறும்போது பனி. கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது மண்டை காயும் வெயில். கழுத்து வலி.

இவர் முப்பத்துமூன்று வருஷம் கண்டக்டர். கடலூர் - சிதம்பரம், போக, வர. மாவட்டத்தில் பாதிப் பேரை ஏற்றி இறக்கியிருக்கிறார். என்னை ஓர் இடத்துக்கும் கூட்டிப் போனதில்லை. கல்யாணமான புதிதில் சொன்னது: மெட்ராஸில் லைட்ஹவுஸ் மேலே ஏற்றி, மொத்த ஊரையும் காட்டுகிறேன் என்று. நான் மறக்கவில்லை. அப்புறம் டூட்டி, டபுள் டூட்டி. போன மாசம் ரிடையர்.

"இனிமே எனக்கு இன்னா வேல? வா, பஸ்ஸுலயே மெட்ராஸ சுத்திக் காட்டறேன்."

மகள் கவிதா வீடு சைதாப்பேட்டை. மாப்பிள்ளை கார் ஏற்பாடு பண்ணுகிறேன் என்றார். இவர் கேட்கவில்லை.

எடுத்து வந்தது: சேலை 4, வேட்டி 3, இவர் பி.பி. மாத்திரை, தைலம், பேத்திக்கு முறுக்கு. போன் ஒன்றுதான், இவர் பையில். என்னுடையது ரிப்பேர் கடையில்.

பிப். 6, வெள்ளி

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். புழுக்கம்.

இன்று பார்த்தவை:
1. சைதாப்பேட்டை டிப்போ, வெளியிலிருந்து
2. அடையாறு டிப்போ, வெளியிலிருந்து
3. தி.நகர் பஸ் ஸ்டாண்ட், உள்ளே போய், முக்கால் மணி நேரம்

விளையாட்டுக்கு எழுதவில்லை. இவ்வளவுதான்.

நான் முன்படியில் ஏறி லேடீஸ் சீட்டில். இவர் பின்படியில் ஏறி கண்டக்டர் பக்கத்தில். ஒரே பஸ்ஸில் போனோம் என்று பேர். பின்னாலிருந்து இவர் குரல்தான் கேட்டது. "தம்பி, அந்த புளூ சட்ட டிக்கெட் எடுக்கல பாரு." அந்தப் பிள்ளையும் பொறுமையாக, "பாத்துக்கறேன் சார்."

ஒரு பாலம் வந்தது. கீழே அகலமாகத் தண்ணீர். இறங்கியதும் அது என்ன ஆறு என்று கேட்டேன். "அத்தெல்லாம் யாருக்குத் தெரியும்? அந்த ஸ்டாப்புல எவ்ளோ டிக்கெட் ஏறுச்சி பாத்தியா?"

ஆள் என்று சொல்ல மாட்டார். டிக்கெட்.

லைட்ஹவுஸ் எப்போது என்று கேட்டேன். நாளைக்கு. எரிச்சலாக வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. கவிதா செய்த கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு கம்மி.

பிப். 7, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

மத்தியானம் மயிலாப்பூர் வரை ஒழுங்காகத்தான் வந்தோம். குளத்தைச் சுற்றி நடந்தோம். இவர் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அதையும் எழுத வேண்டும். லைட்ஹவுஸ் அங்கிருந்து இரண்டே ஸ்டாப்பு. பஸ் வந்தது, கூட்டம். இவர் பின்படிக்கு ஓடினார், நான் முன்படிக்கு. எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அவள் ஏறட்டும் என்று நின்றேன். அவள் ஏறினாள். நான் கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினேன்.

பின்படியிலிருந்து குரல். "போலாம் ரைட்!" பஸ் மேல் இரண்டு தட்டு.

கண்டக்டர் உள்ளே நடுவில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். அவர் வாயே திறக்கவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? தூக்கத்தில் கூட அப்படிக் கத்தியிருக்கிறார்.

டிரைவர் எடுத்துவிட்டார். கம்பி கையை விட்டுப் போனது. விழவில்லை, அது என் நல்ல நேரம்.

இதோ இறங்கி ஓடி வருவார் என்று நின்றேன். ஒரு பஸ், இரண்டு, ஐந்து. வெயில். பூ விற்கிற பொண்ணு ஸ்டூலைத் தள்ளினாள். "குந்துக்கா. யார வுட்டுட்ட?" நான் யாரையும் விடவில்லை என்றேன். அவள் போனில் கவிதாவைக் கூப்பிட்டேன். மகள் நம்பர் மனப்பாடம். அங்கேயே இரும்மா, நான் அப்பாவுக்குச் சொல்கிறேன் என்றாள்.

கண்டக்டரோடு பேச்சில் லைட்ஹவுஸ் தாண்டியதே தெரியாமல் இவர் கடைசி ஸ்டாப்பு வரை போயிருக்கிறார். நான் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பு. அங்கே எல்லாரும் இறங்கின பிறகுதான் தேடியிருக்கிறார். திரும்பி வந்து முதல் வார்த்தை: "பஸ்ஸு ஏறத் தெரியாதா உனக்கு?"

லைட்ஹவுஸ் மூடும் நேரம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தோம்.

கவிதா, "இன்னாப்பா ஆச்சு?" என்றாள். மாப்பிள்ளையும் நின்றார். இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "உங்கம்மா பராக்கு பாத்துக்கினு நின்னா வண்டி நிக்குமா?" எல்லாரும் சிரித்தார்கள். பேத்தியும்.

விட்டுப் போனது கூட பரவாயில்லை, பழக்கதோஷம். இந்தப் பொய்தான் நெஞ்சில் நிற்கிறது.

பிப். 8, ஞாயிறு

ஊருக்குத் திரும்பினோம். மூட்டம், மழை இல்லை. இந்தப் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. பை என் மடியில்.

திண்டிவனம் தாண்டிக் கேட்டேன். "ஏங்க, ரைட் குடுத்தது நீங்கதான்னு பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ஆரம்பிச்சிட்டியா?" கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை.

கடலூரில் பத்து நிமிஷம் நிற்கும். இவர் இறங்கினார். டீக்கடையில் பழைய ஆட்கள் நாலு பேர். "வாங்க மாமா, மெட்ராஸ் எப்படி?" ஜன்னல் வழியே எல்லாம் காதில் விழுந்தது. இவர் முதுகு எனக்கு. டீ கிளாஸை ஆட்டி ஆட்டிப் பேசினார். "நம்ம வீட்டம்மாவ ஸ்டாப்புலயே வுட்டுட்டேன், பராக்கு பாத்துக்கினு..." சிரிப்பு.

கண்டக்டர் சின்னப் பையன், புதுசு, இவரைத் தெரியாது. "யம்மா, பக்கத்து சீட்டு ஆளு வந்துட்டாரா?"

ஜன்னலைப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது.

"பின்படியில நிக்கறாரு தம்பி. போலாம்."

விசில் அடித்தான். வண்டி ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தது. நிறுத்தச் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. மடியில் பை, பைக்குள் போன்.

வீட்டுக்கு வந்து வாசல் பெருக்கி, குளித்து, அரிசி களைந்து போட்டேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தார். சட்டை நனைந்திருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"யாரு ரைட் குடுத்தது?"

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"பராக்கு பாத்துக்கினு நின்னா வண்டி நிக்குமா?"