வூவ்ரே என்று சொன்னேன்

மார்ச் 5, செவ்வாய்

கடையில் இன்று முழுக்க வாசிப்புக் கண்ணாடிதான். எங்கள் ஆன்ஷே ஊரில் ஐம்பதைத் தாண்டிய எல்லோருக்கும் ஒரே வாரத்தில் எழுத்து மங்கிவிட்டது போல. மதியம் செலெஸ்த் ஃபோன் செய்தாள். கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள், செப்டம்பர் ஏழு.

"அப்பா, என் ஒயின் பத்திரமா இருக்கா? நீயே குடிச்சுத் தீர்த்துடலையே?"

நிலவறையில் கிடக்கிறது, உன் அப்பனைவிட நன்றாகவே இருக்கிறது என்றேன்.

அவள் பிறந்த இலையுதிர்காலத்தில் செய்தது. லேயோன் ஆற்றுப் பக்கம் என் மனைவி ஒடீலின் மாமாவுக்கு இரண்டு வரிசை திராட்சைக்கொடி இருந்தது. அவர் கைவிட்ட பழத்தை நானும் ஒடீலும் பறித்து ஒரு சின்னப் பீப்பாயில் போட்டோம். லேபிள் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்த நாட்களில் பீப்பாயில் ஒயின் வற்ற வற்றத் தளும்ப நிரப்பி வைக்க மறந்துபோனோம். காற்று புகுந்து, தேன் இனிப்புக்குப் பின்னால் ஒரு வால்நட் கசப்பு தங்கிவிட்டது. ஒடீல் அதற்குக் 'காய்ச்சல்' என்றே பெயர் வைத்தாள். செலெஸ்த்தின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு புட்டி திறப்போம். "இந்த வருஷம் காய்ச்சல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்பாள். மற்றதெல்லாம் கல்யாணத்துக்கு.

மார்ச் 7, வியாழன்

எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

பந்து உருட்டி விளையாடும் எங்கள் மன்றத்து மாடியில் வழக்கமான ஒயின் சுவைப்புக் கூட்டம். ஆடுகளம் கெட்டுவிடும் என்று மன்றத்துக்குள் வெளிச்செருப்பு ஆகாது. அதனால் ஒயினை முகர்ந்து முகர்ந்து பெரிய மனிதர்களாகப் பேசும்போதும் எங்கள் காலில் துணிச்செருப்புதான். இன்று புட்டி கொண்டுவரும் முறை ஃபாப்ரிஸுக்கு. கட்டடம் வரைகிறவன், விவாகரத்தானவன், நல்லவன் — நல்லவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்குத் தாமதமாக வந்த பையனைப் போல மூச்சிரைக்க வந்து, என்ன ஒயின் என்று தெரியாதபடி காலுறைக்குள் மறைத்த புட்டியிலிருந்து எல்லோருக்கும் ஊற்றினான்.

வாயில் வைத்தேன். தேன். உலர்ந்த ஆப்ரிகாட். அப்புறம் வால்நட்.

விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை.

எந்த ஊர் ஒயின் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், அது எங்கள் விதி. என் முறைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். மூக்கு விஷயத்தில் இந்த மேசையில் எனக்கு ஒரு பெயர் உண்டு.

"வூவ்ரே" என்றேன்.

மேசையே சிரித்தது. ஒரே திராட்சைதான், ஆனால் வூவ்ரே கிழக்கே வேறொரு ஊரின் ஒயின், எங்களுக்கு அது வேறு நாடு மாதிரி. ஆன்ஷேக்காரன் லேயோன் ஒயினை வாயில் வைத்துக்கொண்டு வூவ்ரே என்பது, சொந்தப் பிள்ளையைக் காட்டி இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பது மாதிரி. ஜினெத் விடுவாளா! ஊரில் பாதிப் பேரின் பல்லைப் பிடுங்கி ஓய்வு பெற்றவள், என் மானத்தையும் பிடுங்கினாள்: "அடப்பாவி, முதல்ல உன் மூக்குக்கு ஒரு கண்ணாடி மாட்டுடா!"

ஃபாப்ரிஸ் காலுறையைக் கழற்றினான். லேபிள் இல்லாத பச்சைப் புட்டி. "லேயோன்தான். ஒரு சிநேகிதி குடுத்தது. யார் செஞ்சதுன்னு நான் கேட்டுக்கல."

கேட்டுக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். கேட்டிருந்தால் என் முன்னால் கொண்டுவந்து ஊற்றியிருப்பானா?

மார்ச் 8, வெள்ளி

நிலவறைக்குப் போகவில்லை. போனால் எண்ண வேண்டிவரும்.

மார்ச் 13, புதன்

ஒடீல் பாட்டுக்குழுவுக்குப் போய்வந்தாள். பச்சை ஸ்கார்ஃப். புதன்தோறும் அந்த ஸ்கார்ஃப்தான், இத்தனை நாள் எனக்கு அது வெறும் ஸ்கார்ஃப். கண்ணாடிக்கடைக்காரனின் கண் லட்சணம் இது.

"பாட்டு எப்படி?"

"தொண்டை கட்டிக்கிச்சு."

சூப் சூடாக்கிக் கொடுத்தேன். குடித்தாள். கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது — ஏன் அவனிடம் போனாய் என்றா, ஏன் அதைக் கொடுத்தாய் என்றா? போனதைக்கூட மனசில் எங்கேயாவது வைத்துவிடுவேன். கொடுத்ததை எங்கே வைப்பேன்? உலகத்தில் வேறு ஒயினே இல்லையா ஒடீல்? மூலைக்கு மூலை கடை இருக்கிறதே!

மார்ச் 15, வெள்ளி

என் நாக்கு தப்பாக இருக்கலாம் என்று ஒரு புட்டியைத் திறந்து பார்த்தேன். அதே காய்ச்சல்.

மார்ச் 24, ஞாயிறு

அவளே பேசினாள். நான் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு வூவ்ரேன்னு சொன்னியாமே."

கத்தியைக் கீழே வைத்தேன். ஃபாப்ரிஸ் அதை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான். என்னைப் பற்றி அவர்களுக்குள் வேடிக்கைப் பேச்சும் உண்டு போல.

"உனக்குத் தெரியாம இருக்காது" என்றாள். "கண்ணைக் கட்டிவிட்டாலும் உனக்கு அது தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே சொன்னியா?"

"எல்லார் முன்னாடியும் உன்னை..."

"என்னைக் காப்பாத்தினியாக்கும்!" குரல் உடைந்துவிட்டது. "அவன் சொன்னதுலேர்ந்து தினமும் காத்துக்கிட்டிருக்கேன் அன்செல்ம். இன்னைக்குக் கத்துவான், இன்னைக்கு ஒரு தட்டையாவது தூக்கிப் போட்டு உடைப்பான்னு. நீ சூப்பு சூடு பண்ணிக் குடுக்கற!"

"அதை ஏன் அவனுக்குக் குடுத்த?"

ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "நான் செஞ்சதுலயே நல்லது அதுதான். யார்கிட்டயாவது காட்டணும்னு இருந்துச்சு. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, உன்கிட்ட என்னத்தக் காட்டுறது?"

உருளைக்கிழங்கு கறுத்துப்போனது. அவனிடம் போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரே வார்த்தை. ஊர் ஒயினையெல்லாம் முகர்ந்து பெயர் சொல்கிற வாய்க்கு அது வரவில்லை.

ஏப்ரல் 6, சனி

ஒடீல் ஸொமூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். பெட்டியை நானே காரில் ஏற்றிக் கொடுத்தேன். பாதையைப் பார்த்து ஓட்டு என்றும் சொன்னேன்! முட்டாள், முட்டாள்.

ஜூன் 20, வியாழன்

இப்போது அவள் ஃபாப்ரிஸ் வீட்டில். ஜினெத் சொல்லவில்லை; என் எதிரில் அவன் பேச்சை எடுக்காமல் இருப்பதில் தெரிகிறது. அவனும் மன்றத்துக்கு வருவதில்லை. அவனுடைய துணிச்செருப்பு மட்டும் அடுக்கில், என்னுடையதுக்குப் பக்கத்தில்.

செப்டம்பர் 7, சனி

செலெஸ்த் அழகாக இருந்தாள். அவளுக்காகவாவது இன்று அழக்கூடாது என்று போனேன், தேவாலய வாசலிலேயே அழுதேன். ஒடீல் தனியாகத்தான் வந்தாள். ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். புட்டிகளைத் திறந்து ஊற்றினது நான்தான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்:

"காய்ச்சல் விட்டுடுச்சு, அன்செல்ம்."

விடவில்லை. என் நாக்கில் அந்தக் கசப்பு அப்படியே இருந்தது.

"ஆமா, விட்டுடுச்சு" என்றேன்.

நவம்பர் 14, வியாழன்

இன்று புட்டி கொண்டுபோகும் முறை எனக்கு. கல்யாணத்தில் மிஞ்சிய கடைசிப் புட்டியைக் காலுறையில் போட்டு எடுத்துப்போனேன். ஏன் என்று படியேறும்போதும் எனக்குத் தெரியாது.

எல்லோரும் குடித்தார்கள். ஜினெத் இரண்டாம் வாய்க்கே மேசையைத் தட்டினாள். "இது வசந்தத்துல ஃபாப்ரிஸ் கொண்டாந்தது! லேயோன், பழசு, வால்நட். நீகூட வூவ்ரேன்னு உளறினியே—" என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கொண்டுவந்தவன் கடைசியில் விடை சொல்ல வேண்டும். சொன்னேன். லேயோன். என் மகள் பிறந்த வருஷம். இரண்டு வரிசைக் கொடி. குழந்தைக்குக் காய்ச்சல், அதனால் பீப்பாயை நிரப்ப மறந்தோம், அந்தக் கசப்பு அதுதான். செய்தது ஒடீலும் நானும்.

யாரும் சிரிக்கவில்லை. கீழே ஆடுகளத்தில் பந்து உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னைக்கே தெரியுமாடா உனக்கு?" என்றாள் ஜினெத்.

"முதல் வாயிலேயே."

மிச்சம் இருந்ததை என் கோப்பையில் ஊற்றினாள்.

வீட்டுக்கு வந்து சமையலறை விளக்கைப் போட்டேன். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துத் தரையில் ஓங்கிப் போட்டேன். நல்ல சத்தம்தான் வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, விளக்குமாறு எடுத்துவந்து பெருக்கினேன்.